எறிபொருள் கணக்கு: நேரத்தைப் பிடித்தால் மீதி தானே வரும்

எறிபொருள் இயக்கம் பாடத்தைத் திறந்ததும் கண்ணில் படுவது மூன்று சூத்திரங்கள்தான். பறக்கும் நேரத்துக்கு ஒன்று, பெரும உயரத்துக்கு ஒன்று, கிடைமட்டமாக எவ்வளவு தூரம் போய் விழும் என்பதற்கு, அதாவது நெடுக்கத்துக்கு, ஒன்று. கட்டம் கட்டித் தடித்த எழுத்தில் போட்டிருப்பார்கள். படிக்கிற பிள்ளைகளுக்கு அதைப் பார்த்ததும் பாடமே இதுதான் என்று தோன்றிவிடும். அந்த மூன்றையும் மனப்பாடம் செய்யாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சூத்திரங்களில் தப்பில்லை. ஆனால் நேரமும் நெடுக்கமும் ஒரு நிபந்தனையோடு வருபவை: எறிந்த மட்டத்துக்கே பொருள் திரும்ப வந்து விழ வேண்டும். தரையிலிருந்து உதைத்த பந்து அதே தரையில் விழுந்தால் சரி. கட்டடத்தின் உச்சியிலிருந்தோ குன்றின் விளிம்பிலிருந்தோ எறிந்தால், ஏன், ஓர் ஆளின் தோள் உயரத்திலிருந்து எறிந்தால்கூட, அந்த இரண்டும் செல்லாது. பெரும உயரத்துக்கான சூத்திரம் தப்பிக்கும், ஆனால் அது தரும் உயரம் எறிந்த இடத்திலிருந்து அளந்தது, தரையிலிருந்து அல்ல. இந்த நிபந்தனைகளை யாரும் மனப்பாடம் செய்வதில்லையே, சூத்திரத்தை மட்டும்தானே செய்கிறார்கள்.

சரி, அப்படியானால் எதை வைத்துக்கொள்வது? இந்த மூன்று வரிகள் போதும்:

கிடைமட்டத் தூரம் = கிடைமட்ட வேகம் × நேரம்

உயரம் = தொடக்க உயரம் + தொடக்கச் செங்குத்து வேகம் × நேரம் − ½ × ஜி × நேரம்²

அந்தக் கணத்தின் செங்குத்து வேகம் = தொடக்கச் செங்குத்து வேகம் − ஜி × நேரம்

ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம், 9.8 மீ/வி². கணக்கு கைக்கு அடங்க வேண்டும் என்பதற்காக இந்தப் பதிவு முழுக்கப் பெரும்பாலும் 10 என்று வைத்துக்கொள்கிறேன், அப்போது ½ × ஜி என்பது 5 ஆகிவிடும். மேல்நோக்கியது கூட்டல், கீழ்நோக்கியது கழித்தல். இதையும் ஒரு தடவை முடிவு செய்துவிட்டு நடுவில் மாற்றாமல் இருந்தால் போதும். இந்த மூன்று வரிகளில் புதிதாக எதுவுமே இல்லை என்பதைக் கவனியுங்கள். நேர்கோட்டு இயக்கத்தில் ஏற்கெனவே படித்ததுதான், இரண்டு திசைக்குத் தனித்தனியாக எழுதியிருக்கிறோம், அவ்வளவே.

ஈர்ப்பு கீழே மட்டும்தான் இழுக்கிறது. பக்கவாட்டில் தள்ளவோ இழுக்கவோ யாருமில்லை, காற்றை இப்போதைக்கு மறந்துவிடுவோம். ஆகவே கிடைமட்ட வேகம் எறிந்த கணத்தில் என்னவோ அதுவேதான் விழும் கணம்வரை. செங்குத்து வேகம்தான் ஒவ்வொரு வினாடிக்கும் 10 குறைந்துகொண்டே போகும். ஒரே கடிகாரத்தைப் பார்த்து ஓடும் இரண்டு பேர் மாதிரி, ஒருவர் சீராக ஓடுகிறார், இன்னொருவர் வேகத்தை மாற்றிக்கொண்டே ஓடுகிறார், ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரியாது, இருவருக்கும் பொதுவானது கடிகாரம் மட்டும். அதனால்தான் எந்தக் கணக்கானாலும் நான் முதலில் தேடுவது நேரத்தை. கேள்வியில் நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாமல் இருக்கலாம். அப்போதும் அதைத்தான் தேடுவேன்.

ஒரு எளிய கணக்கில் தொடங்கலாம். 20 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கல்லைக் கிடைமட்டமாக 15 மீ/வி வேகத்தில் எறிகிறோம். எங்கே விழும்? கிடைமட்டமாக எறிந்ததால் தொடக்கச் செங்குத்து வேகம் 0. ஆக 0 = 20 − 5 × நேரம்², நேரம் 2 வினாடி. தூரம் 15 × 2 = 30 மீட்டர். முடிந்தது. இதில் 15 என்ற எண் நேரத்தைக் கண்டுபிடிக்கும்போது எங்கேயும் வரவில்லை பாருங்கள். 15க்குப் பதில் 150 என்று எறிந்தாலும், சும்மா கையை விட்டுக் கீழே போட்டாலும், அதே 2 வினாடிதான். வேகமாக எறிந்தால் அதிக நேரம் பறக்கும் என்று மனசு சொல்லும், கேட்காதீர்கள்.

விழும்போது என்ன வேகம் என்று அடுத்து கேட்பார்கள். கிடைமட்டம் 15, செங்குத்து 0 − 10 × 2 = −20. இரண்டையும் பிதாகரஸ் தேற்றத்தில் போட்டால் 25 மீ/வி, கிடைமட்டத்துக்குக் கீழே சுமார் 53°. இங்கே ஒரு வேடிக்கை நடக்கும். 'தரையை அடையும்போது' என்று கேள்வியில் படித்ததும் சிலர் இறுதி வேகம் 0 என்று எழுதிவிடுவார்கள், தரையில் விழுந்தால் நின்றுவிடும்தானே என்ற நினைப்பு. நிற்பது தரையின் வேலை. நம் சமன்பாடு தரையைத் தொடுவதற்கு முந்தின கணத்தோடு முடிந்துவிடுகிறது.

சாய்வாக எறிந்தால் கூடுதலாக ஒரே ஒரு வேலைதான், தொடக்க வேகத்தை இரண்டாகப் பிரிப்பது. கோணம் கிடைமட்டத்தோடு கொடுக்கப்பட்டிருந்தால் கிடைமட்டக் கூறுக்குக் கொசைன், செங்குத்துக் கூறுக்குச் சைன். கேள்வியில் 'செங்குத்தோடு 30°' என்று ஒரு சொல்லை மாற்றினால் இரண்டும் இடம் மாறிவிடும், கேள்வி தயாரிப்பவர்களுக்கு இது ரொம்பப் பிடித்த பொறி. படம் போட்டுவிட்டால் மாட்ட மாட்டோம். கோணத்தை ஒட்டி இருக்கும் பக்கம் கொசைன் என்பது மட்டும் நினைவிருந்தால் எந்தப் பக்கத்திலிருந்து அளந்தாலும் சரியாக வரும். அப்புறம் கால்குலேட்டர். அது ரேடியனில் இருந்தால் சைன் 30 என்று அடித்ததும் −0.988 என்று காட்டும், டிகிரியில் இருந்தால் 0.5. கணக்கு தொடங்கும் முன் சைன் 30ஐ ஒரு முறை அடித்துப் பார்த்துவிடுவது ஒரு வினாடி வேலை.

இப்போது 20 மீ/வி, 30° கோணம், தரையிலிருந்து தரைக்கு. செங்குத்துக் கூறு 20 × 0.5 = 10, கிடைமட்டக் கூறு 20 × 0.866 = 17.32. செங்குத்து வேகம் வினாடிக்கு 10 குறைவதால் 1 வினாடியில் உச்சி, இன்னொரு வினாடியில் தரை, மொத்தம் 2 வினாடி. உச்சி உயரம் 10 × 1 − 5 × 1 = 5 மீட்டர். நெடுக்கம் 17.32 × 2 = 34.64 மீட்டர். கட்டம் கட்டிய மூன்று சூத்திரங்களும் சொல்வதை மூன்று சின்னப் பெருக்கல்களில் எடுத்துவிட்டோம். இதே எறிதலை நிலவில் செய்தால்? ஜி 1.62 ஆகும், வேறு எதுவும் மாறாது. உச்சிக்கு 10 ÷ 1.62, சுமார் 6.17 வினாடி, மொத்தம் 12.3 வினாடி, நெடுக்கம் ஏறத்தாழ 214 மீட்டர். நிலவில் காற்றும் இல்லை என்பதால் நாம் மறந்துவிடுவோம் என்று சொன்ன விஷயம் அங்கே உண்மையிலேயே கிடையாது. பாடப்புத்தகக் கணக்கு அச்சு அசலாக நடக்கும் இடம் அதுதான்.

உச்சிப் புள்ளியில் கொஞ்சம் நிற்கலாம், ஏனென்றால் விடைத்தாள்களில் அதிகம் சிவப்பு விழும் இடம் இது. படம் அழகாகப் போட்டு, வளைவின் உச்சியில் ஒரு புள்ளி வைத்து, பக்கத்தில் 'வேகம் = 0' என்று எழுதியிருப்பார்கள். உச்சியில் 0 ஆவது செங்குத்துக் கூறு மட்டும். மேலே உள்ள கணக்கில் உச்சியில் கல் 17.32 மீ/வி வேகத்தில் பக்கவாட்டில் போய்க்கொண்டிருக்கிறது. வேகம் முழுவதுமே 0 ஆனால் கல் அங்கிருந்து நேர்க்கோடாகக் கீழே விழுந்திருக்கும், நெடுக்கம் பாதியாகியிருக்கும். இன்னும் சிலர் ஒரு படி மேலே போய் உச்சியில் முடுக்கமும் 0 என்பார்கள். அப்படியிருந்தால் கல் திரும்பி இறங்கவே இறங்காது, அதே உயரத்தில் கிடைமட்டமாகப் போய்க்கொண்டே இருக்கும். முடுக்கம் ஏறும்போதும் உச்சியிலும் இறங்கும்போதும் ஒன்றேதான், கீழ்நோக்கி 10.

அடுத்தது சூத்திரங்கள் கைவிடும் கணக்கு. 25 மீட்டர் உயரமான குன்றின் விளிம்பிலிருந்து 40 மீ/வி வேகத்தில், 30° மேல்நோக்கி எறிகிறோம், குன்றின் அடிவாரத்துத் தரையில் விழுகிறது. மனப்பாடக்காரர்கள் நெடுக்கச் சூத்திரத்தில் போட்டு 138.6 மீட்டர் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார்கள். குன்றின் உயரம் கணக்கில் எங்குமே வரவில்லையே என்பதுகூட உறுத்தாது. கேள்வியில் கொடுத்த ஒரு எண் விடையில் பயன்படவே இல்லை என்றால் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பது நல்லது.

நம் வழியில் செய்தால் செங்குத்துக் கூறு 20, கிடைமட்டக் கூறு 34.64. தரையை அடையும்போது உயரம் 0, ஆக 0 = 25 + 20 × நேரம் − 5 × நேரம்². 5ஆல் வகுத்து வரிசை மாற்றினால், நேரம்² − 4 × நேரம் − 5 = 0. காரணிப்படுத்தினால் நேரம் 5 அல்லது −1. நேரம் எதிர்மறையாக இருக்காது என்று −1ஐ அடித்துவிட்டு 34.64 × 5 = 173.2 மீட்டர் என்று முடிக்கலாம், முழு மதிப்பெண் கிடைக்கும்.

ஆனால் அந்த −1ஐ அடிப்பதற்கு முன் அது என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டு அடிக்கலாமே. சமன்பாட்டுக்குக் குன்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் நேரம் 0 என்னும்போது பொருள் 25 மீட்டர் உயரத்தில் இருந்தது, மேல்நோக்கி 20 மீ/வி வேகம் இருந்தது என்பது மட்டும். அதை வைத்து முழுப் பரவளையத்தையும், அதாவது எறிந்த பொருள் போகும் அந்த வளைவு முழுவதையும், அது வரைந்துவிடுகிறது, முன்னாலும் பின்னாலும். அந்தப் பரவளையத்தைப் பின்னோக்கி நீட்டினால், எறிவதற்கு 1 வினாடிக்கு முன்பு, குன்றின் விளிம்புக்கு 34.64 மீட்டர் பின்னால், பொருள் தரை மட்டத்தில் இருந்திருக்க வேண்டும். அதாவது குன்றே இல்லாமல் அங்கிருந்து, அந்தக் கணத்தில், மேல்நோக்கி 30 மீ/வி செங்குத்து வேகத்தோடு கிளம்பியிருந்தாலும் இதே பாதைதான், இதே இடத்தில்தான் விழுந்திருக்கும். சரிபார்ப்போமா? 30 மீ/வி என்றால் ஏற 3, இறங்க 3, மொத்தம் 6 வினாடி, −1இலிருந்து 5 வரை சரியாக 6. எதிர்மறை விடை தப்பான விடை இல்லை, நாம் கேட்காத கேள்விக்கான விடை. எனக்கு இந்தப் பாடத்திலேயே ரொம்பப் பிடித்த இடம் இது.

சுவரைத் தாண்டுமா என்ற வகைக் கணக்குகளும் உண்டு. 25 மீ/வி, சுமார் 53° கோணம், கூறுகள் 15, 20 என்று அழகாக வரும். 45 மீட்டர் தள்ளி 10 மீட்டர் உயரச் சுவர். இங்கே நேரம் கிடைமட்டப் பக்கத்திலிருந்து கிடைக்கிறது: 45 ÷ 15 = 3 வினாடி. அப்போது உயரம் 20 × 3 − 5 × 9 = 15 மீட்டர். 5 மீட்டர் இடைவெளியில் தாண்டுகிறது. தாண்டும்போது ஏறுகிறதா இறங்குகிறதா என்றால் 20 − 30 = −10, இறங்குகிறது. முந்தைய கணக்குகளில் உயரத்திலிருந்து நேரத்தை எடுத்தோம், இதில் தூரத்திலிருந்து. எந்தப் பக்கத்தில் தெரியாதது ஒன்றே ஒன்று இருக்கிறதோ அந்தப் பக்கத்தில் நேரத்தைப் பிடித்து மறு பக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும். முறை என்று சொன்னால் இதுதான் முறை, வேறு ரகசியம் இல்லை.

45° பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அதிக தூரம் போக 45° என்பது ஒன்றுமே படிக்காதவர்களுக்கும் தெரிந்திருக்கும். இதற்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. இத்தாலியரான தார்த்தாலியா 1537இலேயே பீரங்கிக் குண்டு அதிக தூரம் போக 45° வேண்டும் என்று எழுதிவிட்டார். ஆனால் குண்டு போகும் பாதை பரவளையம் என்பது அவருக்குத் தெரியாது. கிடைமட்ட இயக்கத்தையும் செங்குத்து இயக்கத்தையும் தனித்தனியாகப் பிரித்து, பாதை பரவளையம்தான் என்று கலிலியோ அச்சில் காட்டியது 1638இல். விடை ஒரு நூற்றாண்டு முன்னதாகவே வந்துவிட்டது, வழி பின்னால் வந்தது.

அந்த 45° கூட எறிந்த மட்டத்திலேயே விழும்போதுதான். 30°இல் 34.64 மீட்டர் போன கல், அதே 20 மீ/வி வேகத்தில் 60°இல் எறிந்தாலும் 34.64 மீட்டர்தான் போகும், உச்சி மட்டும் 5க்குப் பதில் 15 மீட்டர். கூட்டினால் 90° வரும் ஜோடிக் கோணங்களுக்கு நெடுக்கம் ஒன்றே. நடுவில் தனியாக நிற்பது 45°, அதில் 40 மீட்டர். ஆனால் குண்டு எறிதல் போட்டியில் குண்டு கையை விட்டுக் கிளம்புவது ஏறத்தாழ 2 மீட்டர் உயரத்தில், விழுவது தரையில். 14 மீ/வி வேகம் என்று வைத்து, ஜி 9.8 என்று போட்டுப் பார்த்தால் சிறந்த கோணம் சுமார் 42.4° என்று வருகிறது. அதில் 21.91 மீட்டர், 45°இல் 21.83 மீட்டர். வித்தியாசம் 8 சென்டிமீட்டர். உண்மையில் வீரர்கள் இதைவிடவும் தாழ்வான கோணத்தில்தான் எறிகிறார்கள். மேல்நோக்கித் தள்ளத் தள்ள குண்டுக்குக் கொடுக்க முடிகிற வேகம் குறைந்துவிடும் என்பது முக்கியமான காரணம், வேகத்தை மாறிலி என்று எடுத்துக்கொண்ட நம் கணக்குக்கு அது தெரியாது. காற்றும் அப்படித்தான். கனமான குண்டில் அதன் விளைவு அதிகம் தெரியாது, இறகுப்பந்தில் பாருங்கள், ஏறும் பாதை ஒரு மாதிரி, இறங்கும் பாதை கிட்டத்தட்ட செங்குத்தாக. அதற்குப் பரவளையத்தைக் கொண்டுபோய்ப் பொருத்தக் கூடாது.

கடைசியாக, பலரும் பயந்து விட்டுவிடும் ஒரு வகை: எறியும் வேகம் தெரியும், இலக்கு எங்கே என்று தெரியும், கோணம்தான் வேண்டும். 20 மீ/வி வேகம், இலக்கு 20 மீட்டர் தூரத்தில் 10 மீட்டர் உயரத்தில். இங்கே எந்தப் பக்கத்திலும் நேரம் உடனே கிடைக்காது, ஏனென்றால் கூறுகளே தெரியாது. பரவாயில்லை, நேரத்தை எழுத்தாக வைத்துக்கொள்ளலாம்: நேரம் = 20 ÷ (20 × கொசைன்) = 1 ÷ கொசைன். இதை உயரத்தில் போட்டால், 10 = 20 × சைன் ÷ கொசைன் − 5 ÷ கொசைன்². சைன் ÷ கொசைன் என்பது டேன். 1 ÷ கொசைன்² என்பது 1 + டேன்². திரிகோணவியலில் எதற்கு என்றே தெரியாமல் படித்த அந்த முற்றொருமைக்கு இங்கே வேலை வந்துவிட்டது. இனி டேன் மட்டும்தான் தெரியாதது: 10 = 20 × டேன் − 5 − 5 × டேன்². சுருக்கினால் டேன்² − 4 × டேன் + 3 = 0, டேன் 1 அல்லது 3. கோணம் 45° அல்லது சுமார் 71.6°. இந்தத் தடவை இரண்டு விடையுமே சரி, எதையும் அடிக்கத் தேவையில்லை. ஒன்று 1.41 வினாடியில் நேரே போய்த் தொடும், மற்றது உயரே போய் 3.16 வினாடியில் மேலிருந்து இறங்கித் தொடும்.

இலக்கை அதே 20 மீட்டர் தூரத்தில் வைத்து 15 மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் சமன்பாடு டேன்² − 4 × டேன் + 4 = 0 ஆகிறது, டேன் 2 என்ற ஒரே விடை, சுமார் 63.4°. இரண்டு கோணங்களும் நெருங்கி வந்து ஒன்றாகிவிட்டன. 20 மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் டேன்² − 4 × டேன் + 5 = 0, தன்மைகாட்டி, அதாவது விடை காணும்போது வர்க்கமூலத்துக்குள் வரும் எண், 16 − 20 = −4, மெய்யெண் விடை கிடையாது. கணக்கில் எங்கோ தப்பு என்று நினைத்து அழித்து எழுத வேண்டாம். 20 மீ/வி வேகத்தில் எந்தக் கோணத்தில் எறிந்தாலும் கல் அந்த இலக்கை எட்டாது. விடைத்தாளிலும் அதையே விடையாக எழுதலாம்.